வயிரவன் மட்டும் இருக்கும் படம்

கார்காலம் கல்வராயன் மலைமேல் வந்து அமர்ந்துவிட்டது. விடியலில் முகடுகளைப் போர்த்திய மேகம் அந்திவரை அகலவில்லை. கரும்புக் கொல்லைகளின் மேல் ஈரக்காற்று மெல்ல ஊர்ந்தது. பெய்யப்போவதுபோல் இருண்டு, பெய்யாமலே நாள்களைக் கழித்தது வானம். பிரிந்து போனவர் மீளும் பருவம் இது என்று பழம்புலவர்கள் வகுத்து வைத்தார்கள். அந்த இலக்கணத்தை முப்பத்தைந்து ஆண்டு வகுப்பறையில் கற்பித்தவர் புலவர் சடையன். ஓய்வு பெற்றுக் கள்ளக்குறிச்சியின் மேற்குக் கோடியில் தனியே வாழ்ந்த அவர் வீட்டுக்கு, நான்கு கார்காலமாக எவரும் மீளவில்லை.

ஒரு கடிதம் மட்டும் வந்தது. அதுவும் நாயைக் கேட்டு.

மகன் இளஞ்செழியன் பிலாயில் எஃகு ஆலைப் பொறியாளன். உடன் வேலை பார்த்த லிடியாவை அவன் தேவாலயத்தில் மணந்தபோது புலவர் போகவில்லை. போகாததோடு நின்றிருக்கலாம். சந்திப்பிழை ஒன்றுகூட இல்லாமல் ஒரு கடுங்கடிதமும் எழுதி அனுப்பினார். அதன்பின் இரு பக்கமும் மௌனம். இப்போது மருமகள் எழுதியிருந்தாள்: 'மாமாவுக்கு வணக்கம். நலமா? இவர் வளர்த்த வயிரவனின் நல்ல படமாக ஒன்று எடுத்து அனுப்ப முடியுமா? இவரோடு படித்த ராஜாங்கம் ஸ்டூடியோ வைத்திருக்கிறாராமே.'

புலவர் நாலைந்து முறை படித்தார். தம் நலத்துக்கு ஒரு சொல்லும் நாயின் படத்துக்கு இரண்டு வரியுமாக இருந்த கணக்கு எத்தனை முறை படித்தும் மாறவில்லை. ஆயினும் இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் போகப்போவது அந்தப் படம் ஒன்றுதான். அது சிறப்பாக அமைந்தால், நாயைப் பார்க்கவாவது பிள்ளை வருவான்.

தம்மைப் படம் எடுப்பது மட்டும் அவருக்கு ஆகாது. இருவரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மனைவி செவ்வந்தி கேட்டபோதெல்லாம் 'ஆகட்டும்' என்றே சொல்லி வந்தார். அவள் படம் இல்லாமலே போய்ச் சேர்ந்தாள். அன்றுமுதல் கேமராவின் முன் அவர் நின்றதில்லை.

ஸ்டூடியோத் திரையில் தாஜ்மகால் தீட்டியிருந்தது. அதன் முன் ஒரு பெஞ்சைப் போட்டு, "குந்துடா," என்றான் ராஜாங்கம். நாய் அவனை ஏற இறங்கப் பார்த்தது.

"அவனுக்கு அது விளங்காது," என்றார் புலவர். வயிரவனோடு பேச அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை. அவரோ நாயிடமும் செந்தமிழே பேசுவார். "வயிரவா, மேலேறி அமர்க."

நாய் ஏறி அமர்ந்தது. அவர் விலகினார். நாயும் இறங்கி அவர் பின்னால் வந்தது.

"ஐயா, நீங்க பக்கத்துலயே நில்லுங்க. பிரேமுல வர மாட்டீங்க."

"உறுதிதானா?"

"பத்து வருசமா இன்னா பண்ணிக்கினு இருக்கேன் நானு?"

மறுநாள் படங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் நாயின் ஒரு பாதியும் புலவரின் ஒரு பாதியும் இருந்தன.

இந்த முறை அவரைப் பெஞ்சுக்குப் பின்னால் உட்காரவைத்துக் கறுப்புத் துணியால் மூடினான் ராஜாங்கம். துணிக்குள்ளிருந்து அவர் ஆணையிட, நாய் அசையாமல் இருந்தது. பிளாஷ் வெட்டியதும் இடி விழப்போகிறது என்று அஞ்சிப் பின்பக்கமாக அவர்மேல் பாய்ந்தது. அடுத்த பிளாஷில் பதிந்தது, ஓரத்தில் ஒரு வாலும் நடுவே வாய் திறந்த முதியவர் ஒருவரும்.

ராஜாங்கம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "முகம் நல்லா வந்துக்குது."

"எவருடைய முகம்?" என்றார் புலவர்.

வெளியில் எடுத்தால் பிளாஷ் வேண்டாம் என்று ராஜாங்கம் யோசனை சொன்னான். அந்த வாரம் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்தது. வெட்டிய புளியமரங்கள் சேலம் சாலையில் குறுக்கே கிடந்தன. வண்டி இல்லாத வெறும் சாலை நாய்க்கு உகந்தது என்று போனார்கள். மரத்துக்குக் காவல் இருந்த சின்னக்கண்ணு எழுந்து வந்து, கேமராவைப் பிடித்துக்கொண்டார்.

"யார புடிச்சிக் குடுக்கப் போட்டோ எடுக்கிறீங்க?"

நாயை மட்டுமே எடுப்பதாகப் புலவர் விளக்கினார். பிள்ளை கேட்டிருக்கிறான் என்றும் சொன்னார். சின்னக்கண்ணு சற்று இளகி, இரண்டு நிபந்தனை விதித்தார். படத்தில் மரம் விழக்கூடாது, மறியல் ஆள்கள் விழக்கூடாது. ஒரு பக்கம் மரம், மறுபக்கம் ஆள்கள். கேமரா திரும்பக்கூடிய திசையாக எஞ்சியதில் புலவர்தான் நின்றார்.

பொழுது போகாமல் உட்கார்ந்திருந்த கூட்டம் படக்கலையில் இறங்கியது. ஒருவர் சீழ்க்கை அடித்தார். ஒருவர் பிஸ்கட் பொட்டலத்தைச் சலசலத்தார். பெரியவர் ஒருவர் ஆட்டுக்குட்டிபோல் கத்திக் காட்டினார். நாய் எவரையும் பொருட்படுத்தாமல் புலவரின் கால்களைச் சுற்றியது. "அமர்க" என்றார், "நிமிர்க" என்றார். அச்சத்தில் அது செந்தமிழையும் மறந்துவிட்டது. கடைசியில் அவர் தார்ச்சாலையில் மண்டியிட்டு அதன் முகத்தைக் கையில் ஏந்தினார்.

"டேய், ஒரே ஒரு தபா குந்துடா. அவன் பாக்கணும்டா."

அந்த வாயிலிருந்து அப்படியொரு பேச்சை நாய் கேட்டதில்லை. காதுகளை நிமிர்த்தி அவரை வியந்து பார்த்தது. பிறகு முன்னங்கால்களை அவர் தோளில் வைத்து முகம் முழுக்க நக்கியது. கூட்டம் சிரித்தது. புலவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான்கு ஆண்டாக அவர் சிரித்ததைக் கண்டவர் இல்லை.

"பிலிம் தீந்துபோச்சுங்க," என்றான் ராஜாங்கம். புதுச்சுருள் சேலத்திலிருந்து வர வேண்டும், பேருந்தோ ஓடவில்லை.

ஆக மொத்தம் பன்னிரண்டு படங்கள். நாய் தனியாக இருப்பது ஒன்றுகூட இல்லை. புலவர் பிளேடை எடுத்து ஒரு படத்திலிருந்து தம்மை வெட்டி நீக்க முயன்றார். கையை வெட்டியபோது நாயின் காது போயிற்று. முகத்தை வெட்டியபோது நாக்கு போயிற்று. அந்த ஒன்றை எறிந்துவிட்டு, சாலை திறந்ததும் மிச்சம் பதினொன்றையும் அஞ்சலில் சேர்த்தார். உடன் ஒரு குறிப்பும் வைத்தார்: 'படங்களில் இடையிடையே தென்படும் முதியவரைப் பொருட்படுத்த வேண்டா.'

புரட்டாசிக் கடைசியில் மழை பிடித்தது. நனைந்த குடையோடு வந்த தபால்காரர் இருசப்பன் ஒரு கடிதத்தை நீட்டினார். மகனின் கையெழுத்து. 'அப்பா, படங்கள் கிடைத்தன. தீபாவளிக்கு இருவரும் வருகிறோம். வயிரவனிடமும் சொல்லுங்கள்.' கீழே செழியன் என்றும் லிடியா என்றும் இரு கையொப்பங்கள்.

புலவர் நாயின் பக்கம் திரும்பினார். "உன்னைக் காண வருகிறார்கள்." பிறகு தபால்காரரிடம் குறைப்பட்டுக்கொண்டார். இவ்வளவு கெட்ட படத்துக்கே வருகிறார்கள் என்றால், நல்ல படமாக இருந்தால் எப்படி இருந்திருக்கும். அந்த ராஜாங்கத்துக்கு நாயைப் படம் எடுக்கவே தெரியவில்லை.

இருசப்பன் குடையை மடக்கினார்.

"தெரியாம இன்னாங்க. உங்க புள்ள அப்பவே ராஜாங்கத்துக்கு ஒரு கார்டு போட்டிருந்தாரு. கார்டுதானே, கண்ணுல பட்டுச்சு. 'நாய் படத்துல வுழலன்னாலும் பரவால்லடா, எங்கப்பா இல்லாத படம் ஒண்ணுகூட வோணாம்'னு எழுதியிருந்துச்சு."

புலவர் கடிதத்தோடு உள்ளே போய் விளக்கேற்றினார். திருநீற்றை நெற்றியில் பூசிக் கண்மூடி நின்றார். விரலில் எஞ்சியதைக் கடிதத்தின் அடியில் இருந்த இரண்டு பெயர்மேலும் தொட்டு வைத்தார். அவற்றில் ஒன்றை அந்த வீட்டில் அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"லிடியா, செழியா, நீடு வாழ்க."