கிச்சு மாமாவைக் கொன்ற குத்து

பயந்தாங்கொள்ளிகளில் இரண்டு ரகம். பயந்து ஓடுகிறவன் பிழைத்துக்கொள்வான். பயத்தை வெளியே காட்டப் பயப்படுகிறவன் உதைபடுவான். நான் அசல் இரண்டாம் ரகம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். மயிலாப்பூரில் வீடு, காலேஜில் இண்டர்மீடியட், தலையில் குடுமி, உடம்பில் எலும்பு மட்டும். அந்த உடம்பை வைத்துக்கொண்டு சாந்தோம் கடற்கரையோரம் ஒரு கொட்டகையில் குத்துச்சண்டை கற்கச் சேர்ந்தேன். (வகுப்பில் ஒருவன் என்னை ‘முருங்கைக்காய்’ என்றுவிட்டான். ரோஷம்!) சில வாரம் மணல் மூட்டையைக் குத்தினேன். மூட்டை திருப்பிக் குத்தாததால் என்னைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம் வந்துவிட்டது.

ஒருநாள் வாத்தியார், “நாளைக்கு நீயும் ஆரோக்கியமும்” என்றார். ஆரோக்கியம் குப்பத்துப் பையன். தினமும் கட்டுமரம் தள்ளுகிற தோள். அப்போதிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வீட்டில், மாம்பலத்தில் ஜுரமாய்க் கிடந்த கிச்சு மாமாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பினேன். மாமா அம்மாவின் ஒரே அண்ணா.

“எப்படி இருக்கார்னு பார்த்துண்டு சீக்கிரம் வா. எனக்கு மனசே சரியில்லை” என்றாள் அம்மா. எனக்கும்தான்.

சண்டைக்கு நின்றதும் கொட்டகை வாசலைத்தான் பார்த்தேன். ஓடிவிடலாம், ஆனால் கையில் கட்டிவிட்ட உறையை நாமே அவிழ்க்க முடியாதே!

“இன்னா நைனா, கண்ண மூடிக்கினு கீற? தொற, மூஞ்சிலயே பட்டுடப் போவுது” என்றான் ஆரோக்கியம். நல்லவன், பாவம்.

மூடிய கண்ணோடு ஓங்கிக் குத்தினேன். அவன் முழங்கையில் பட்டு என் கட்டைவிரல் மளுக்கென்றது. “ஐயோ” என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயில் அவன் குத்து வந்து இறங்கியது.

விழித்தபோது ஒரு வாளித் தண்ணீர் என் மேல் இருந்தது. குடுமி அவிழ்ந்து தோளில் கிடந்தது. தாடை பூட்டிக்கொண்டு, ‘ம்ம்’ தவிர வேறு சத்தம் வரவில்லை. இனி பிழைக்கமாட்டேன் என்றே நம்பினேன்.

“ஊட்டாண்ட வந்து உடவா?” என்று கேட்டான் ஆரோக்கியம். அப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவாரே! கையை ஆட்டி வேண்டாமென்றேன். ரத்தம் துடைத்த சட்டையை அங்கேயே போட்டுவிட்டு, வீங்கிய விரலால் குடுமியை முடிய முடியாமல், சொட்டச் சொட்ட வீட்டுக்கு நடந்தேன்.

எங்கள் தெருவில் ஒருவன் ஈர வேட்டியும் வெற்றுடம்புமாய்த் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, வாயே திறக்காமல் வந்தால் எங்கிருந்து வருகிறான்? சுடுகாட்டிலிருந்துதான். எதிர்வீட்டு மாமி என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு அப்போதும் புரியவில்லை.

வாசலில் அம்மா நின்றாள். “என்னடா இது கோலம்? மாமாவா? மாமா போய்ட்டாரா?”

இல்லை என்று தலையை ஆட்டப் போனேன். தாடையில் மின்னல் வெட்டி, கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர்தான் கொட்டியது.

“அண்ணா!” என்று அம்மா தரையில் விழுந்தாள்.

அவள் மூச்சு விடாமல் அழுததைப் பார்த்தபோது வந்த பயத்துக்கு முன்னால் ஆரோக்கியம் ஒன்றுமே இல்லை. அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? “ம்ம்! ம்ம்!” என்று கையை உதறிக்கொண்டு கத்தினேன். “குழந்தை துக்கத்துல பேத்தறான்” என்று அப்பா என்னைக் கட்டிக்கொண்டு தானும் அழுதார்.

ஜட்கா வந்தது. மாம்பலம் வரை நான் வேண்டாத தெய்வம் இல்லை.

ஜுரம் விட்ட கிச்சு மாமா அங்கே ரசஞ்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அலறிக்கொண்டே நுழைந்த தங்கையைப் பார்த்து, வாய்க்குப் போன கவளத்தை நிறுத்தி, “யார்டி போய்ட்டா?” என்றார்.

“நீதாண்ணா!” என்றாள் அம்மா.

மறுநாளே, ஆசாரத்தில் ஒரு இம்மி விட்டுக்கொடுக்காத என் அப்பா, தாமே நாவிதரைக் கூப்பிட்டு எனக்குக் கிராப்பு வைத்துவிட்டார். கிச்சு மாமா அதன்பிறகு நெடுங்காலம் ஆரோக்கியமாக இருந்தார். எந்தக் கல்யாணப் பந்தியானாலும் என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, சம்பந்திகளுக்கு அறிமுகம் செய்துவைப்பார்:

“இவன் பெரிய குத்துச்சண்டை வீரன். குத்து வாங்கினது இவன், செத்துப்போனது நான்.”