வெளியே போயிருக்கான்

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய அண்ணன் அவர்களுக்கு, தங்கை எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம். பள்ளிக்கூட பஸ்ஸில் வந்து இறங்கியவளும் அவள் பிள்ளைகளும், பச்சை நிறத்தில் இருப்பவளும், எதிர்வீட்டு மாடிப்படியை விட்டு இறங்கமாட்டேன் என்று நிற்கும் வாத்தும் உட்பட எல்லோரும் சுகம். நீங்கள் போன வாரம் கிளம்பும்போது இந்த வீட்டில் பச்சை நிறத்தில் யாரும் இல்லையே என்று நினைப்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதம் என்றால் படித்து முடித்துவிட்டுத்தான் கத்த முடியும், அதற்குள் கொஞ்சம் ஆறியிருப்பீர்கள்.

நீங்கள் நல்லதுக்குத்தான் எல்லாம் ஏற்பாடு பண்ணினீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேனோடு வருகிறேன், இருக்கிற நாய் பூனை எல்லாவற்றையும் காப்பகத்தில் இறக்கிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு நீ என்னோடு வந்துவிடு, பிள்ளையையும் கொடுத்துவிட்டு ஒண்டியாக ஏன் கிடக்கிறாய் என்றீர்கள். நான் சரி என்றேன். அதுவரைக்கும் புதிதாக எதுவும் வந்து சேரக்கூடாது என்பதற்காக, அடிபட்ட நாய் பூனைக்காக என் பிள்ளையுடைய போனில் யார் கூப்பிட்டாலும் சொல்லச் சொல்லி ரெண்டு வரி சொல்லிக்கொடுத்தீர்கள். "அவர் இறந்துவிட்டார். இனிமேல் நாங்கள் எடுப்பதில்லை." என்னை உட்காரவைத்து வாய்ப்பாடு மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லவைத்தீர்கள். அஞ்சாம் வகுப்போடு நின்றவளாக இருந்தாலும் ரெண்டு வரிதானே, தட்டாமல் தடுக்காமல் ஒப்பித்தேன். நீங்களும் பாஸ் போட்டுவிட்டு பஸ் ஏறினீர்கள். அண்ணா, வாத்தியார் முன்னாடி ஒப்பிக்கிறது வேற, பரீட்சை வேற.

உங்க பஸ் முனை திரும்பியிருக்காது, போன் அடிச்சது. ஒரு அம்மா. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்களாம், பூனை டப்பாவுக்குள்ளே விழுந்துடுச்சாம், தம்பி இருக்காரான்னு கேட்டாங்க. நான் வாயைத் திறந்தேன். நீங்க சொல்லிக்கொடுத்த முதல் வரி வரலை. "வெளியே போயிருக்கான்"னு வந்துச்சு. எப்ப வருவார்ன்னு கேட்டாங்க, தெரியலையேம்மான்னேன். அது பொய்யில்லைதானே. "பரவாயில்லை, அனுப்பிவைக்கிறேன், வந்ததும் பார்க்கட்டும்"னு வச்சுட்டாங்க. கொஞ்ச நேரத்துல ஒரு வாளி வந்து இறங்குச்சு. வாளிக்குள்ள துண்டு, துண்டுக்குள்ள ரெண்டு கண்ணு, மத்ததெல்லாம் பச்சை. சமையல் எண்ணெயைத் தடவி ஊறவிட்டு, பாத்திரம் கழுவற சோப்பைப் போட்டு, வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி, அது என் கையைக் கிழிக்க நான் அதைத் திட்ட, முக்கால்வாசி போயிடுச்சு. இதெல்லாம் யாரு எனக்குச் சொல்லிக்கொடுத்தா? அவன் முற்றத்துல உக்காந்து செய்வான், நான் அடுப்படியிலிருந்து திட்டிக்கிட்டே பார்ப்பேன். திட்டிக்கிட்டே பார்த்தது கையில இருக்கு. மிச்சப் பச்சை முடி உதிர்ந்து புதுசு முளைச்சாத்தான் போகுமாம், டாக்டரம்மா சொல்லிட்டாங்க. எண்ணெய் புட்டி காலி, எனக்கு அன்னிக்கு எல்லாம் வேகவச்சதுதான்.

மறுநாள் நான் ஒரு யோசனை பண்ணினேன். முதல் வரிதானே மாட்டிக்குது, அதைத் தாண்டி ரெண்டாவது வரிக்குப் போயிடுவோம்னு. பள்ளிக்கூட பஸ் ஓட்டறவர் கூப்பிட்டார், கடைசி சீட்டுக்கு அடியில நாய் குட்டி போட்டு வச்சிருக்குன்னு. "இனிமேல் நாங்க எடுக்கறதில்லைங்க"ன்னேன், கணீர்னு. அந்த மனுஷன் சிரிக்கிறார்.

"என்னம்மா காலங்காத்தால விளையாடறீங்க. தம்பிகிட்ட போனைக் குடுங்க. அவர் அப்படிச் சொல்லவே மாட்டார்."

"அவன் சொல்லமாட்டான்தான்" என்றேன்.

"அதான் எனக்குத் தெரியுமே! லிஃப்ட் ரிப்பேருக்குப் போயிருக்காரா? சரி சரி, பிள்ளைங்களை இறக்கிவிட்டுட்டு இவங்களைக் கொண்டாந்து விடறேன்."

இப்பச் சொல்லுங்க, தப்பு என்மேல மட்டுமா? முதல் வரி இல்லாம ரெண்டாவது வரி நிக்கமாட்டேங்குது. நம்ம சந்துக்குள்ள அவ்வளவு பெரிய பஸ்ஸு நுழைஞ்சு, முன்னாடியும் போக முடியாம பின்னாடியும் போக முடியாம, தெருவே ஹார்ன் அடிக்குது. தாய் நாய் மட்டும் மகாராணி மாதிரி படியில இறங்கி, நேரா உள்ளே போய், நீங்க படுத்திருந்தீங்களே அந்தக் கட்டிலுக்கு அடியில படுத்துக்கிச்சு. அதனாலதான் உங்க செருப்பில் ஒண்ணு இங்கே இருக்கான்னு நீங்க கேட்டதுக்கு, இருந்துச்சுன்னுதான் சொல்ல முடியும், இருக்குன்னு சொல்ல முடியாது.

அப்புறம் வாத்து. மோட்டார் சைக்கிள்ல ஒரு ஆள் வந்தான், கேட்டுல கட்டினான், "அண்ணன்கிட்ட முன்னாடியே சொல்லிவச்சிருந்தேன், கொண்டான்னு சொன்னார்"ன்னு சொல்லிட்டு நான் கதவைத் திறக்கறதுக்குள்ள போயிட்டான். அதாவது நம்ம பிள்ளை உயிரோட இருந்தப்ப ஒத்துக்கிட்ட வாத்து. அவன் குடுத்த வாக்கை யார்கிட்ட திருப்பிக் குடுக்கறது? உள்ளே விடலாம்னு கயித்தை அவுத்தேன், அது என்னைப் பார்த்துச்சு, வீட்டைப் பார்த்துச்சு, நேரா எதிர்வீட்டு மாடிப்படியில ஏறிடுச்சு. உங்களுக்குத் தெரியும் அவரை, ரிட்டயர்டு கணக்கர், நம்ம நாய்ங்க குரைக்கிற சத்தத்துக்கு மாசாமாசம் புகார் எழுதறவர். ஜன்னல்லேருந்து கத்தறார், "அம்மா, உங்க வாத்து என்னைப் பால் வாங்கப் போகவிடமாட்டேங்குது!" "அது எங்க வாத்து இல்லைங்க"ன்னேன். "அப்ப யாரு வாத்து?" "உங்க படியிலதானே நிக்குது"ன்னேன். எனக்கே நான் பேசினது அதிகமாத்தான் பட்டுச்சு. போர்வையை எடுத்துக்கிட்டு அவர் படியில ஏறினேன். அது சீறுது, நான் ஒரு படி ஏறினா அது ஒரு படி ஏறுது, அவர் கதவை ஒரு விரல் அளவுக்குத் திறந்து வச்சுக்கிட்டு, இடப்பக்கம் வலப்பக்கம்னு எனக்கு வழி சொல்லிக்கிட்டிருக்கார்.

அந்த நேரம் பார்த்து இடுப்புல இருந்த போன் அடிச்சது. யாரோ, புறாவுக்கு இறக்கை ஒடிஞ்சிருக்காம், தம்பி இருக்காரான்னு. வாத்துமேல ஒரு கண்ணு வச்சுக்கிட்டு, "வெளியே போயிருக்கான்ம்மா"ன்னு சொல்லி வச்சேன். திரும்பினா கதவு முழுசாத் திறந்திருக்கு. அவர் நம்ம பிள்ளையைத் தூக்கினப்ப கூட நடந்து வந்தவர்தானே. என்ன சொல்லப்போறாரோன்னு நின்னேன்.

"என் வீட்டுக்காரி போனப்ப," என்றார், "கேஸ் கம்பெனிக்காரன் போன் பண்ணி அவளைக் கேட்டான். அவ குளிக்கறான்னு சொல்லிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவன் கேட்க, நான் அதையே சொல்ல, ஒரு வருஷமா குளிச்சுக்கிட்டே இருந்தா."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவருக்கும் வந்துச்சு. அப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கலை, வாத்தைப் பார்த்துக்கிட்டு நின்னோம்.

அண்ணா, நான் புத்தி கெட்டுப்போய் இப்படிப் பண்றேன்னு நினைச்சுடாதீங்க. அவன் அப்பா போனப்ப நானேதான் ஊருக்கெல்லாம் சொல்லியனுப்பினேன், உங்களுக்கும் நானேதான் சொன்னேன், வாய் குழறலை. இது அப்படி வரலை. காய்ச்சல்னு படுத்தவன் எழுந்திரிக்கலைன்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், இந்தத் தெருவுக்குத் தெரியும். ஆனா அந்தப் பூனைக்காரம்மா வீட்டுல அவன் இன்னும் வெளியே போயிருக்கான். பஸ் ஓட்டறவர் மனசுல அவன் எங்கேயோ லிஃப்ட் மேல நின்னு கிரீஸ் போட்டுக்கிட்டிருக்கான். நான் வாயைத் திறந்து சொன்னா அங்கேயெல்லாம் ஒவ்வொரு தடவையா சாவான். ஒரு பிள்ளையை ஒரு தடவை தூக்கிக் குடுக்கறதே கஷ்டம், போன் அடிக்கும்போதெல்லாமா தூக்கிக் குடுப்பாங்க? அதனால நான் சொல்லலை. சொல்லாததுக்குக் கூலியா பூனையும் புறாவும் வந்து சேருது, வாங்கிக்கறேன்.

துக்கத்துல அவனோட பழைய நாய் சாப்பிடாமக் கிடக்கும்னு எல்லாரும் சொன்னாங்களே, அதெல்லாம் ஒண்ணுமில்லை. நல்லாத்தான் சாப்பிடுது, நான் மிச்சம் வைக்கிறதையும் சேர்த்து.

நேத்து காப்பகத்தம்மா கூப்பிட்டாங்க. உங்க அண்ணன் சொன்ன கணக்குதானேன்னு கேட்டாங்க. கொஞ்சம் கூடியிருக்குன்னேன். எவ்வளவுன்னாங்க. "வேன்ல எங்க அண்ணனுக்கு உக்கார இடம் இருக்காது, அவ்வளவுதான்"னேன். பெருமூச்சு விட்டுட்டு, சரி, வாத்து மட்டும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. வாத்துக்கு எதிர்வீட்டுக்காரரே தண்ணித் தொட்டி வச்சுட்டார், அதனால அந்தக் கவலை இல்லை. நானும் முடிவு பண்ணிட்டேன். போனை அணைச்சு அலமாரியில வச்சுடறேன். துணிமணி மடிச்சாச்சு, சிலிண்டரை மூடியாச்சு, ஞாயிற்றுக்கிழமை நீங்க வரும்போது நான் வாசல்லயே பையோட நிப்பேன். சொன்ன சொல் மாறமாட்டேன்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லவும். பூனை முடி ஒட்டாத புடவையாத்தான் எடுத்து வச்சிருக்கேன்னும் சொல்லவும். பெரியவன் நல்லாப் படிக்கணும், சின்னவள் நல்லாத் தூங்கணும், ரெண்டு பேரும் நூறு வயசு இருக்கணும். வேற எதைக் குறைச்சாலும் இந்த நூறை மட்டும் குறைக்காம அத்தை சொன்னதா சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட தங்கை

பி.கு.: உறையில போட்டு ஒட்டறதுக்கு முன்னாடி, அணைக்கலாம்னு போனைக் கையில எடுத்தேன், அடிச்சிடுச்சு. ஒரு கட்டிடத்து வாட்ச்மேன். நம்ம பிள்ளை அங்கே லிஃப்ட் பார்க்கப் போறவனாம். வாசல்ல ஒரு நாய்மேல கார் ஏத்திட்டுப் போயிட்டாங்க, மூச்சு இருக்குங்கறார். "வெளியே"ன்னு ஆரம்பிச்சேன். அதுக்குள்ள அவர், "பரவாயில்லைம்மா, நான் தொடலை, தம்பி வர்ற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருக்கேன், எவ்வளவு நேரமானாலும் சரி"ங்கறார். அண்ணா, நல்ல மனுஷன், உக்காந்துதான் இருப்பார். பொழுது சாயற வரைக்கும் உக்காந்திருப்பார். நாய் இருக்காது.

"காத்திருக்காதீங்க, அவன் செத்துப்போயிட்டான்"ன்னு சொன்னேன். சொல்லிட்டேன். அவர் அழ ஆரம்பிச்சுட்டார். "அழறது அப்புறம், முதல்ல ஒரு பலகை தேடுங்க. இடுப்பைப் பிடிச்சுத் தூக்காதீங்க, அப்படியே பலகை மேல நகர்த்துங்க. டாக்டரம்மாகிட்ட கொண்டுபோங்க, நான் கிளம்பிட்டேன்"னேன். நீங்க சொல்லிக்கொடுத்ததுல மிச்சத்தைச் சொல்ல நேரமே இல்லை.

இப்ப அது என் காலடியில கட்டுப் போட்டுக்கிட்டுக் கிடக்குது. பிழைக்குமான்னு தெரியலை, மூச்சைப் பார்த்துக்கிட்டேதான் எழுதறேன். வேனுக்காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடுங்க. நீங்க மட்டும் அவசியம் வாங்க, பஸ்ஸிலேயே வாங்க. வரும்போது வீட்டுல பழைய பேப்பர் இருக்கறதையெல்லாம் கட்டி எடுத்துட்டு வாங்க, இங்கே விரிக்கத் தீர்ந்துபோச்சு.