சாம்பார் கவரும் தூக்குவாளி அண்ணனும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் இருக்கும் அத்தனை ஓட்டல்காரர்களையும் நடுங்க வைத்த ஒரே மனிதர் எங்கள் தூக்குவாளி அண்ணன்தான். சோதனை போட அதிகாரி வந்தால்கூடச் சிரித்துக்கொண்டே டீ கொடுப்பார்கள். இவர் தெருமுனையில் தலைகாட்டினாலே கல்லாவில் இருப்பவர் முகம் சுண்டிவிடும்.

காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வரும் நேரம், கடையில் கூட்டம் நெரியும். அண்ணன் நிதானமாகத் தூக்குவாளியைத் திறப்பார். அதற்குள்ளிருந்து ஒரு கிண்ணம் வரும், கிண்ணத்துக்குள்ளிருந்து சின்னக் கிண்ணம் வரும்.

“அண்ணே, சாம்பாரு கவர்ல கட்டி ரெடியா கீது. எடுத்துனு போயேன்” என்று கடைக்காரர் கெஞ்சுவார்.

“கவர் வேணாம். குண்டான்லேர்ந்து மொண்டு ஊத்து.”

“குண்டான் காலி. எல்லாத்தையும் கட்டியாச்சு. வோணும்னா ஒரு கவரை அவுத்து ஊத்தட்டா?”

அண்ணன் வெறும் இட்லியோடு பஸ் ஏறுவார். அது தொண்டையில் அடைக்கும். பக்கத்து சீட்டுக்காரர் நீட்டும் பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீரையும் வேண்டாமென்று சொல்லிவிட்டு, கண்ணில் நீர் வழிய விக்கிக்கொண்டே வருவார்.

எங்கள் கம்பெனி கேண்டீனில் இன்னும் மோசம். கை கழுவும் இடத்தில் நின்று ஒவ்வொரு தட்டாக எட்டிப் பார்ப்பார். “இம்மாஞ் சோத்தையும் கொட்டப் போறியா? துன்ன முடியாதவன் எதுக்குப்பா வாங்குன?” அவருக்குப் பயந்து சூப்பர்வைசரே முருங்கைக்காய்ச் சக்கையை இன்னொரு முறை மென்றுவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாங்கள் வேலை பார்த்தது காருக்கு பிளாஸ்டிக் பம்பர் செய்யும் கம்பெனி. நாள் முழுக்க பிளாஸ்டிக்கை உருக்கிவிட்டு, வெளியே வந்து கவரைத் திட்டுகிறாரே என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“பம்பரு வண்டில ஒட்டிக்கினு கீது தம்பி. அத்த மாடு துன்றதில்ல” என்றார்.

அப்புறம்தான் சொன்னார். அவர் வல்லக்கோட்டைப் பக்கத்து ஆள். எங்கள் காம்பவுண்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்கரையில் மேய்ந்த அவருடைய கறவை மாடு வயிறு உப்பிச் செத்துப்போனது. டாக்டர் வயிற்றைக் கிழித்து எடுத்ததெல்லாம் சாம்பார் கவர்.

“போட்ட முடிச்சுகூட அவுரல தம்பி. அதுல நான் வீசுனதும் இருக்கும்.”

அந்த மாட்டின் கன்று வளர்ந்து இப்போது அதே கரையில்தான் மேய்கிறது. வேறு எங்கே ஓட்டிப்போவது? மற்ற நிலமெல்லாம் கம்பெனியாகிவிட்டது.

ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் பொரி, கடலை, ஸ்வீட்டைப் பெரிய கவரில் போட்டுக் கொடுப்பது வழக்கம். அண்ணன் எச்.ஆர். மேனேஜரைத் துரத்தித் துரத்தி, பாத்ரூம் வாசலில்கூடக் காத்திருந்து, மஞ்சப்பைக்குச் சம்மதிக்க வைத்தார். பூஜையன்று பெட்டியைப் பிரித்தோம். சொன்னபடி மஞ்சப்பை வந்திருந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு பளபளப்பான பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது.

“அழுக்காவக் கூடாதுன்னு நான்தான் நீட்டா பேக் பண்ணச் சொன்னேன்” என்றார் மேனேஜர்.

அண்ணனை நடுவில் நிறுத்தி போட்டோ எடுத்தார்கள். ஆளாளுக்குக் கவரைக் கிழித்துப் போட்டுவிட்டு, பொரியோடு பஸ்ஸுக்கு ஓடினார்கள். காற்று கவர்களை வாரிக்கொண்டு ஏரிப்பக்கம் போனது.

அண்ணன் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். என்ன செய்யப் போகிறார் என்று பார்க்க நானும் போனேன். முள்செடிகளில் மாட்டியிருந்த கவர்களைப் பிய்த்துப் பிய்த்து சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சதூரத்தில் அவருடைய மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

“இத்தையெல்லாம் பொறுக்கி முடிக்க முடியுமா தம்பி?”

“முடியாதுண்ணே.”

தலையாட்டிவிட்டு மறுபடியும் குனிந்தார். இந்த ஊர் திருந்தும் என்ற நம்பிக்கை எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்த மனிதரைத் தனியாகக் குனியவிட்டு பஸ் ஏற மட்டும் எனக்கு மனசு வரவில்லை.