கறுப்புப் பெட்டியும் நெற்றிப் பட்டையும்

மூளை விற்பனைக்கு வந்துவிட்டது. கடைத்தெரு மாடி அரங்கில், ஞாயிற்றுக்கிழமை காலையில். படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. மருந்துக்கடைக்காரர் வந்திருந்தார். கல்லூரிப் பேராசிரியர் வந்திருந்தார். கணக்குத் தணிக்கையாளர் குடும்பத்தோடு வந்திருந்தார். யோசிக்கத் தெரிந்தவர்கள் என்று ஊர் நம்பியிருந்த அத்தனை பேரும் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் வந்து வரிசையில் நின்றார்கள்.

"உங்கள் மூளைக்கு எந்தப் புதிர்? மூளைமணி சொல்வார்! ஒரே அமர்வில் புத்தி இரட்டிப்பு!" என்றது சுவரொட்டி. மூளைமணி என்பது அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பட்டம். வேறு யார் சூட்டுவார்கள்?

கூட்டத்தில் அச்சகத்துப் பிழைதிருத்துபவர் ஒருவரும் இருந்தார். ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருந்தன. மற்றவர்கள் புத்தியை இரட்டிப்பாக்க வந்தார்கள். இவர் இருப்பதாவது மிஞ்சுமா என்று பார்க்க வந்தார். போன வாரம் இவர் பார்த்து அனுப்பிய இரங்கல் அறிவிப்பின் அடியில், முந்தைய திருமண அழைப்பிதழின் கடைசி வரி தங்கிவிட்டது: "அனைவரும் வருகை தந்து விருந்துண்டு மகிழ்க." துக்க வீட்டுக்குச் சிலர் பசியோடு வந்ததாகக் கேள்வி. முதலாளி சிரித்து மன்னித்துவிட்டார். இவரால்தான் தன்னை மன்னிக்க முடியவில்லை. இவருடைய அப்பாவுக்கும் மறதி இப்படிச் சின்னதாகத்தான் ஆரம்பித்தது. கடைசியில் பெற்ற மகனின் முகமே மறந்துபோனது. மூளைமணி கைவிரித்துவிட்டால் மறுநாளே வேலையை விட்டுவிடுவது என்று முடிவு கட்டியிருந்தார். இந்தப் பயம் வந்தவர் எந்த வாசலில் போய் நின்றாலும் அவரைக் கேலி செய்ய மனம் வராது. அந்த வாசலில் கடை விரித்தவனைத்தான் கேலி செய்ய வேண்டும்.

பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் செய்தித்தாள், கையில் பேனா. குறுக்கெழுத்தைப் பென்சிலால் போடுவது கோழைத்தனம் என்பது அவள் கட்சி.

"புதிர் போடணும்னா இதை வீட்லயே போட்டிருக்கலாமே?"

"அது உன் மூளைக்கு. என் மூளைக்கு எதுன்னு அவர்தான் பாத்துச் சொல்லணும்."

"ஏன், உங்க மூளைக்குத் தனி சைஸா?"

மூளைமணி மேடையேறினார். வெள்ளைக் கோட்டு. நெற்றியில் ஒரு பட்டை. அதில் மூன்று கற்கள். மேசைமேல் குறுக்கெழுத்து, எண் கட்டம், வெட்டிய படம், நகரும் கட்டை என்று புதிர்களைப் பரப்பி, நூலில் கட்டிய பித்தளைக் குண்டு ஒன்றை அவற்றின்மேல் தொங்கவிட்டார். எந்தப் புதிரின்மேல் குண்டு சுற்றுகிறதோ, அதுதான் அந்த மூளைக்கு விதிக்கப்பட்ட புதிராம். மருந்துக்கடைக்காரருக்கு நகரும் கட்டைமேல் சுற்றியது. பேராசிரியருக்கும் அதன்மேல்தான். தணிக்கையாளரின் குடும்பம் மொத்தத்துக்கும் அதேதான்.

"குண்டுக்கு வேற புதிரே பிடிக்காதா?" என்றாள் மனைவி. முன்வரிசை திரும்பி "உஷ்" என்றது.

நகரும் கட்டை என்பது, ஒரு சட்டத்துக்குள் ஒன்று முதல் பதினைந்து வரை எண் போட்ட கட்டைகளும் ஒரே ஒரு காலி இடமும். கட்டையைத் தூக்கக் கூடாது. நகர்த்தி நகர்த்தியே வரிசைப்படுத்த வேண்டும். முதலில் எல்லோருக்கும் அப்படிப்பட்ட ஒரு கறுப்புப் பெட்டி, சொந்த மூளையோடு. எல்லோரும் தோற்றார்கள். பிறகு நெற்றியில் 'அதிர்வுப் பட்டை' கட்டிக்கொண்டு பொன்னிறப் பெட்டி. எல்லோரும் ஜெயித்தார்கள். கைதட்டல் கூரையைப் பிளந்தது. பட்டையின் விலை ஒரு மாதச் சம்பளம்.

தம் முறை வந்ததும் பிழைதிருத்துபவர் கறுப்புப் பெட்டியோடு மல்லுக்கட்டினார். மேல் வரிசைகள் மூன்றும் ஒழுங்காக வந்தன. கடைசி வரிசையில் பதிமூன்று, பதினைந்து, பதினான்கு. கலைத்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் அதே பதிமூன்று, பதினைந்து, பதினான்கு. நேரம் முடிந்ததாக மணி அடித்தது.

மூளைமணி அவர் உச்சந்தலையில் கை வைத்துக் கண்ணை மூடினார். "ஐயா, உள்ள பாதி விளக்கு அணைஞ்சாச்சு. ரொம்ப யோசிக்கிற வேலையா? உடனே விட்டுடுங்க. உங்களுக்கு ஒரு பட்டை போதாது, மூணு கட்டணும்."

பிழைதிருத்துபவர் தலையாட்டினார். "நாளைக்கே முதலாளிகிட்ட சொல்லிடறேங்க" என்றார்.

அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மனைவிக்கு இப்போது சுருக்கென்று கோபம் வந்தது. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள். பட்டைக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்களிடம் போனாள்.

"கறுப்புப் பெட்டி உங்களுக்கு எதுல சார் நின்னுச்சு?"

"பதினஞ்சும் பதினாலும் மாறி நிக்குது" என்றார் பேராசிரியர்.

மருந்துக்கடைக்காரரின் பெட்டியிலும் அதே. தணிக்கையாளர் வீட்டுப் பெட்டிகள் ஒவ்வொன்றிலும் அதே.

"ஏங்க, இத்தனை பேர் மூளையும் ஒரே கட்டையிலயா கெட்டுப்போச்சு?"

மூளைமணி புன்னகையை விடவில்லை. "சகோதரி, அது பொது அதிர்வுக் குறைபாடு."

"இருக்கட்டும். உங்க நெத்தியில மூணு கல்லு இருக்கே. இந்தக் கறுப்புப் பெட்டியை நீங்க போட்டுக் காட்டுங்க."

"நான் தொட்டா கட்டை தாங்காதும்மா, வெடிச்சிடும்."

"வெடிக்கட்டும். நாங்க தள்ளி நின்னுக்கறோம்."

"போடுங்க சார்!" என்றார் தணிக்கையாளர். அன்று காலையிலிருந்து அவர் யோசித்துப் பேசிய முதல் வார்த்தை அது.

மூளைமணி நகர்த்தினார். இன்னும் நகர்த்தினார். கோட்டின் முதுகு நனைந்தது. பதிமூன்று, பதினைந்து, பதினான்கு. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

மனைவி பொன்னிறப் பெட்டியைக் கணவர் முன்னால் வைத்தாள். "பட்டை வேணாம். வெறும் மண்டையோட போடுங்க."

"என்னால முடியாதும்மா. பாதி விளக்கு..."

"மீதி பாதி எரியுதில்ல? போடுங்க."

அவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கறுப்புப் பெட்டியில் மல்லாடிப் பழகிய கை, வழி தெரிந்துதான் போனது. பதிமூன்று, பதினான்கு, பதினைந்து. தொழில் பழக்கத்தில் இன்னொரு முறை சரிபார்த்தார். பிழையில்லை.

கறுப்புப் பெட்டியின் கட்டைகள் இரண்டை அவள் நகத்தால் நெம்பி எடுத்துக் காட்டினாள். "இந்த ரெண்டையும் பேத்தெடுத்து மாத்தி வெச்சிருக்காரு. இனி எத்தனை நாள் நகர்த்தினாலும் சரியாகாது. சின்ன வயசுல எங்கண்ணன் என்னை இப்படித்தான் ஏமாத்துவான். முதல்ல முடியாததைக் கொடுத்துத் தோக்க வெச்சாரு. அதுலயே உங்க கை பழகிடுச்சு. அப்புறம் முடியறதைக் கொடுத்தாரு. நடுவுல பட்டையை வித்தாரு. அந்தக் குண்டை ஆட்டினதும் அவர் விரல்தான்."

மூளைமணி நழுவப் பார்த்தார். ஆனால் அவர் கூட்டிய கூட்டமே படிக்கட்டை அடைத்துக்கொண்டு நின்றது. பணத்தை எண்ணி வாங்கிய பிறகுதான் வழி விட்டார்கள்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை. மனைவி திரும்பிப் பார்த்தால், அவளுக்கு முன்னால் ஒரு வரிசை நின்றது. முதல் ஆளாகப் பேராசிரியர்.

"அம்மா, நீங்களே சொல்லுங்க. என் மூளைக்கு எந்தப் புதிர்?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "பிடிச்சதைப் போடுங்க சார். சுலபமா வந்துட்டா கொஞ்சம் கஷ்டமானது. அதுவும் பழகிட்டா வேற தினுசு. இதுக்கு எதுக்கு வரிசை?"

படியிறங்கும்போது பிழைதிருத்துபவர் சட்டைப் பையைத் தடவினார். முகம் வெளுத்தது. "ஐயோ, கண்ணாடியைக் காணோமே!"

"மூக்கு மேல இருக்கு. மறதி பயமா இருந்தா நாளைக்கு ஒரு டாக்டரைப் பாப்போம். நீங்க வேலைக்குப் போயிட்டு வந்தப்புறம்."

ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்தார்.

அந்தப் புதிர்ச் சட்டத்தில் ஓர் இடம் காலியாக இருப்பதால்தான் மற்ற கட்டைகள் நகர்கின்றன. தலை முழுக்க நம்பிக்கையை அடைத்துக்கொண்டு வருகிறவர்களே, சந்தேகத்துக்கு ஒரு கட்டம் காலி விடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் தலைக்குள் எதுவும் நகராது. உங்கள் பையிலிருக்கும் பணம் மட்டும் நகரும்.