பூதக்கண்ணாடியின் மாணவன்

'கீய்ங்' என்று அலறியது இயந்திரம். திரையில் சிவப்பு எழுத்து: 'கெட்ட அணுக்கள் உள்ளன'.

காலையிலிருந்து இது ஒன்பதாவது அலறல். ரத்தம் தடவி வந்த கண்ணாடி ஸ்லைடும் ஒன்பதுதான்.

ரத்தப் பரிசோதனைக்கூடத்து டெக்னீஷியனுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அணுவைப் பார்ப்பார், எதிரில் ஆள் நின்றால் பார்க்கமாட்டார். கெட்ட அணு தென்பட்ட ஸ்லைடின் மூலையில் நீலப் புள்ளி வைப்பது அவருடைய இருபது வருடப் பழக்கம். அந்தப் பழைய ஸ்லைடுகளைக் காட்டித்தான் இயந்திரத்துக்குப் பாடம் சொன்னார். மூன்று மாதமாக, அவர் பார்த்து முடித்ததை அதுவும் பார்த்தது. ஒருமுறைகூடத் தப்பவில்லை. இன்றுதான் முதன்முதலாகத் தனியாகப் பார்க்கிறது.

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். அணுக்கள் வட்டமாக, சமர்த்தாக இருந்தன.

"மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு மேடம்."

"உங்க கண்ணுக்கு வயசாயிருக்கும்," என்றார் டாக்டரம்மா. "நல்ல ரத்தமா ஒண்ணு வச்சுப் பாருங்க."

பூதக்கண்ணாடி தன் விரலையே குத்தினார். கழுவி அடுக்கிய தட்டிலிருந்து ஒரு ஸ்லைடை எடுத்துத் தடவி, சாயமேற்றி, உள்ளே தள்ளினார்.

கீய்ங்.

மனைவிக்குப் போன் போட்டார்.

"எனக்கு ரத்தத்துல என்னமோ இருக்காம்."

"யாரு சொன்னா?"

"மெஷின்."

"ஒரு தும்மலுக்கே நாலு நாள் படுப்பீங்க. அதுகிட்ட எதுக்குக் காட்டுனீங்க?"

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே தன் விரலை நீட்டினார். கீய்ங். சிரிப்பு நின்றது.

கம்பெனி இன்ஜினியர் ஓடி வந்தார். லென்ஸைத் துடைத்தார், அணைத்துப் போட்டார். இப்போது படம் இன்னும் துல்லியமாக விழுந்தது. அலறலும் கூடியது.

"என் ரத்தத்த வைங்க. போன வாரம்தான் செக்கப் பண்ணேன், எல்லாம் நார்மல்."

கீய்ங்.

இன்ஜினியர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"வெளிய ஒன்பது பேர் உக்காந்திருக்காங்க," என்றார் டாக்டரம்மா. "நமக்கும் சேத்து ஆம்புலன்ஸ் சொல்லிடவா?"

பூதக்கண்ணாடி மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். அதே வட்டம், அதே சமர்த்து. அப்படியானால் இது எதைப் பார்த்து அலறுகிறது?

ஸ்லைடு கழுவும் அக்கா அடுத்த தட்டோடு வந்தார்.

"இந்தாங்க சார். கழுவினதும் கழுவாததும் கலந்துபோச்சுன்னு நேத்து திட்டினீங்கள்ல? இனிமே கலக்காது. கழுவினது எல்லாத்துலயும், உங்கள மாதிரியே மூலைல நீலப் புள்ளி வச்சுட்டேன்."