மேலே சொல்லியாச்சு

நன்றிக்காரர் என்று நம்மிடையே ஓர் இனம் உண்டு. அருகிவரும் இனமல்ல. பினாங்கில் எந்தக் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினாலும் பக்கத்துச் செருப்பு அவருடையதாகத்தான் இருக்கும். கண் விழித்ததற்கு நன்றி, மழை விட்டதற்கு நன்றி, பாலத்தில் ஜாம் இல்லாததற்கு நன்றி, ஜாம் இருந்துவிட்டால் காடியில் ஏர்கோன் இருப்பதற்கு நன்றி என்று வேல் படத்தோடு விடியுமுன்பே வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார். அத்தனையும் நேராக மேலே போகும். கீழே ஒரு சொட்டு சிந்தாது.

பாயான் பாருவில் குடியிருக்கும் புவனேஸ்வரனை எடுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் திடீரென்று அவருக்கு நெஞ்சை அடைத்தது. எதிர்வீட்டு ஷேக் அலாவுதீன் கட்டியிருந்த கைலியோடு ஓடிவந்து, ஆளைத் தூக்கித் தன் காடியில் போட்டு, ஃபேக்டரி விடுகிற நேரத்து நெரிசலில் ஹாரனை அமுக்கியபடியே ஓட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். புவனேஸ்வரன் பிழைத்தார். கையோடு நன்றியும் சொன்னார். முருகனுக்கு.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தார். வீட்டில் பிரேயர்ஸ் என்று பூஜை வைத்து, ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டுப் பேசினார்.

"அன்னிக்கு அந்தக் காடிய ஓட்டுனது யாரு? சாட்சாத் முருகன்!"

ஓட்டியவர் முன்வரிசையில் உட்கார்ந்து சாம்பார் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டார்.

புவனேஸ்வரனின் மனைவி சுபாஷினிக்குத்தான் சோறு இறங்கவில்லை. அந்த மனுஷருக்குத் தன் புருஷன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று தவித்தார்.

"எதிர்வீடுதானே, போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன். அந்த அண்ணன் முகத்தப் பாக்கவே வெக்கமா இருக்கு."

"மேல சொல்லிட்டேன் லா. அங்க சொன்னா எல்லாருக்கும் போய்ச் சேந்துரும்."

தபால்காரர் மேல்கூட நமக்கு இவ்வளவு நம்பிக்கை கிடையாது.

பூசக் கூட்டம் ஓய்ந்த ஒரு வெள்ளிக்கிழமை, இருவரும் தண்ணீர்மலை முருகன் கோயில் படியேறி அர்ச்சனைத் தட்டை நீட்டினார்கள்.

"யார் பேருக்கும்மா?" என்றார் குருக்கள்.

புவனேஸ்வரன் வாயைத் திறக்குமுன் சுபாஷினி சொல்லிவிட்டார். "ஷேக் அலாவுதீன்."

குருக்கள் தட்டைப் பார்த்தார், சுபாஷினியைப் பார்த்தார். வழக்கம் மாறாமல் கேட்டார்: "நட்சத்திரம்?"

"தெரியாது சாமி. இவரு உசுரக் காப்பாத்துனவரு. இவரு நன்றி சொல்ல மாட்டேங்குறாரு. அதான், இவரு சொல்ற வழியிலயே நானும் சொல்லி அனுப்புறேன்."

குருக்கள் கொஞ்சம் யோசித்தார். "நட்சத்திரம் தெரியலேன்னா சாமி பேருக்கே பண்ணிடலாம்மா."

புவனேஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது. பளார் பளாரென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தியா? குருக்களே சொல்லிட்டாரு, வந்தது முருகன்தான்னு!"

இதற்குமேல் என்ன செய்வது? அன்று சாயங்காலம் சுபாஷினியே கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ரொம்ப நன்றிண்ணே. இத்தன நாள் கழிச்சுச் சொல்றேன், மன்னிச்சிருங்க."

"அட, என்னம்மா நீ! எல்லாம் அல்லாஹ் செஞ்சது" என்று அலாவுதீனும் மேலேதான் கை காட்டினார். அவர் காட்டலாம். செய்தவர் அவர். பிறகு புவனேஸ்வரன் வீட்டு வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவருக்கு உடம்பு தேவலையா? காடி சாவிய கதவுகிட்டயே மாட்டி வச்சிருக்கேன்மா. எந்த நேரமா இருந்தாலும் கூப்புடு."

சுபாஷினி அங்கேயே அழுதுவிட்டார். எதிரே புவனேஸ்வரன் சாமியறையில் ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். அலாவுதீன் வீட்டு ஆணியில் தொங்கும் சாவிக்கு அவர் இன்றுவரை நன்றி சொன்னதில்லை.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் இதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி வந்ததே, அதில் பாதியைக் குடித்தும் விட்டீர்களே, கொண்டுவந்து வைத்தது யாரென்று நிமிர்ந்து பார்த்தீர்களா?

மேலே பார்க்காதீர்கள். அடுப்படிப் பக்கம் பாருங்கள்.