ஆளில்லா வீடும் கரும்பு லாரியும்

ஃபிஜித் தீவில், லோவு என்ற ஊரில், பாலசுப்பிரமணிக்கு ஒரு நாள் ஞானம் பிறந்தது. மரத்தடியில் இல்லை, மருமகன் கனடாவிலிருந்து அனுப்பிய போட்டோவில். ஏரிக்கரை, ஊசியிலை மரங்கள், நடுவே சக்கரம் வைத்த ஒரு வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ்கூட உண்டாம். கனடாவும் அமெரிக்காவும் தொட்டுக்கொள்ளும் எல்லை நெடுகிலும் போகலாம், பிடித்த இடத்தில் நிறுத்தித் தூங்கலாம்.

அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. எந்த ஏரியில் குளிப்பது, எந்த மலையடியில் தங்குவது என்று வரைபடத்தில் விரலை ஓட்டி ஓட்டி அமெரிக்காவே தேய்ந்துவிட்டது. பாக்கி ஒன்றுதான். லோவு வீட்டை விற்றால்தான் அந்த வண்டி வரும். விற்பதற்குப் பெண்சாதி ஜான்கி தலையாட்ட வேண்டும்.

"ஊரே காலியாவுது ஜான்கி. கூ நடந்ததுலேருந்து எவனுக்கு இங்க தூக்கம் வருது? பக்கத்து வீட்டு வெங்கடசாமிகூட சிட்னிக்குப் போயிட்டான்."

அரசாங்கத்தைக் கவிழ்ப்பதற்கு ஃபிஜியில் செல்லப்பெயர் 'கூ'. குயில் கூவுகிற மாதிரிதான் இருக்கும், கேட்டால் ஜனம் பெட்டி கட்டும்.

"நம்ம மக ஷாயல் பிரசவத்துக்குக் கனடா போயிட்டு வரலாம். வீட்ட விக்க மாட்டேன்."

"சக்கரம் வெச்ச வீடு வாங்கித் தரேன்டி!"

"சக்கரத்து மேல எவனாச்சும் துளசி நடுவானா?"

ஜான்கியிடம் பேசி ஜெயித்த ஆண்பிள்ளை அந்த வட்டாரத்தில் கிடையாது. ஆகவே பாலசுப்பிரமணி மூளையை எடுத்தார். அதிகம் புழங்காததால் அது புத்தம் புதுசாகவே இருந்தது.

தன் கரும்பு லாரிக்குத் தார்ப்பாய்க் கூரை போட்டார். மெத்தை, மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர் டிரம் ஏற்றினார். தீவைச் சுற்றி ஒத்திகைப் பயணம் என்று ஜான்கியிடம் அறிவித்தார். பா டவுனைத் தாண்டி முதல் தங்கல். ராக்கிராக்கிக்கு அப்பால், மேற்கு வட்டாரம் முடியும் எல்லையைக் கடந்து மலையில் இரண்டாவது தங்கல். இரண்டுமே குடும்பங்கள் விட்டுவிட்டு ஓடிய ஆளில்லா வீடுகளின் வாசல். அதுதான் சூட்சுமம். சிநேகிதன் அப்பல்சாமி டாக்ஸியில் முன்னாடியே போய் விளக்கு ஆட்டுவான், கொலுசு குலுக்குவான். ஜான்கி அலறிக்கொண்டு கனடாவுக்குக் கிளம்புவாள்.

பாலசுப்பிரமணி அவளிடம் இடங்களின் பெயரை மட்டும் சொன்னார். ஜான்கி கேட்டுக்கொண்டு புளிச்சோறு கட்டினாள்.

முதல் வீட்டு வாசலில் லாரியை நிறுத்தும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அறுவடை ஆகாத கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நின்றது. காற்றே இல்லை, ஆனாலும் கரும்புத் தோகை சரசரத்துக்கொண்டிருந்தது. வீட்டுக் கதவில் பூட்டு. சன்னலுக்குள்ளே, பூஜை மூலையில், ஒரு விளக்கு நிதானமாக எரிந்தது.

'அடேயப்பா, அப்பல்சாமி! பூட்டின வீட்டுக்குள்ள எப்படிடா போனே?' என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டார்.

"ஜான்கி, பாத்தியா? ஆள் போயி வருஷமாச்சு. விளக்கு எரியுது!"

"ஆமாங்க," என்றாள் அவள். "பாவம், பசியோட இருக்குமோ என்னமோ."

அவ்வளவுதான். ஓர் இலையில் புளிச்சோற்றை வைத்துப் படிக்கட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து படுத்தாள். படுத்ததும் தூங்கிப்போனாள். பாலசுப்பிரமணிக்கு ஏமாற்றமாக இருந்தது.

விடிந்ததும் இலை துடைத்த மாதிரி கிடந்தது. இந்த அப்பல்சாமிக்கு எங்கே போனாலும் வயிறுதான் முக்கியம் என்று முனகிக்கொண்டார். வழியில் ஒரு கடையில் நிறுத்தி, அவன் முதல் ராத்திரி வேலையை முடித்துவிட்டான் என்று அவன் பெண்சாதிக்குச் சொல்லிவைப்போம் என்று போன் போட்டார். எடுத்தது அப்பல்சாமியே.

"அண்ணே, மன்னிச்சுக்குங்க. டாக்ஸி சாவியக் காணோம். நேத்துலேருந்து வீட்டத் தலகீழாக் கவுத்துட்டேன். நான் லௌடோக்கா டவுன விட்டே நகரல."

பாலசுப்பிரமணி போனை வைத்தார். அப்படியானால் அந்த விளக்கை ஏற்றியது யார்? திரும்பிப் பார்த்தால் ஜான்கி லாரியில் உட்கார்ந்து சுட்ட சோளம் தின்றுகொண்டிருந்தாள்.

"ஜான்கி, திரும்பிடலாமா?"

"ஏங்க, எல்லைய இன்னும் பாக்கவே இல்லியே? நீங்கதானே ஆசப்பட்டீங்க?"

பேய்க்குப் பயந்தேன் என்று பெண்சாதியிடம் எந்தப் புருஷன் சொல்வான்? ஓட்டினார். எல்லையில் சிப்பாய்கள் தடுப்புக் கட்டை போட்டிருந்தார்கள். லாரிக்குள் எட்டிப் பார்த்து மெத்தையைக் குத்திப் பார்த்தார்கள். சாயங்காலம் கட்டையை இறக்கினால் காலையில்தான் திறப்போம் என்றார்கள். அதற்குமேல் மண் ரோடு. மலையிலிருந்து பனி இறங்கி ரோட்டை நக்கிக்கொண்டிருந்தது.

இரண்டாவது வீடு வந்தது. இங்கே பூட்டுகூட இல்லை. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே விளக்கு. விளக்குக்குப் பக்கத்தில் ஒரு தூளி, மெல்ல, மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் பாலசுப்பிரமணி ஜான்கிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"கா... காத்துதான் ஆட்டுது, இல்ல?"

"காத்து எங்கங்க அடிக்குது? விளக்கு அசையவே இல்ல பாருங்க."

அசையவில்லைதான். திரி நேராக நின்று எரிந்தது. தூளி மட்டும் ஆடியது.

"ஏன்டி இப்படி ஆவுது?"

ஜான்கி குரலைத் தாழ்த்தினாள். "நம்ம ஜனம் வெளிய கெளம்பும்போது என்ன சொல்லும்? போறேன்னா சொல்லும்? போயிட்டு வரேன்னுதானே? இவங்க ராவோட ராவா ஓடினவங்க. வீட்டுகிட்ட ஒரு வார்த்த சொல்லல. அதான் வீடு இன்னும் காத்துக்கிட்டு இருக்குது. வித்துட்டுப் போனவங்கள வீடு தேடிக்கிட்டே வருமாம். கடல் தாண்டியும் வருமாம்."

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், ரொம்பப் பக்கத்தில், கேட்டது: "வந்துட்டியா?"

"ஈசா! முனீஸ்வரா!" என்று பாலசுப்பிரமணி லாரிச் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "நான் இல்லம்மா! நான் வேற ஆளு!"

ஜான்கி மடியிலிருந்து கற்பூரத்தை எடுத்துத் தட்டில் ஏற்றினாள். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிப்போனது. தட்டுக்கு மேலே அவள் முகம் மட்டும் தெரிந்தது.

"அணைச்சு சத்தியம் பண்ணுங்க. அப்பத்தான் விடும்."

"என்னன்னு?"

"வீட்ட விக்க மாட்டேன். இந்த மண்ண விட்டு எங்கயும் போவ மாட்டேன்னு."

முனீஸ்வரன் மேல் ஆணையாக என்று கத்திக் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். கை பொத்துப்போனது. கனடாவின் அத்தனை ஏரிகளும் அந்தப் புகையோடு போயின. அவருக்கு அழுகை வந்தது, அழுதும்விட்டார்.

ஊர் திரும்பிய அடுத்த வாரம். விளக்கு வைக்கிற நேரம். ஜான்கி எண்ணெய்க் கிண்ணமும் தீப்பெட்டியுமாக வேலி தாண்டி வெங்கடசாமியின் பூட்டிய வீட்டுக்குள் நுழைவதைப் பாலசுப்பிரமணி பார்த்தார். சற்று நேரத்தில் சன்னலில் வெளிச்சம். அதே நிதானமான வெளிச்சம். அவருக்கு ரத்தம் தலைக்கேறியது.

"அடிப்பாவி! என்னடி இது?"

"போறவங்க சாவியக் குடுத்து, பொழுது சாய ஒரு விளக்கு ஏத்திடுன்னு சொல்லிட்டுத்தான் போறாங்க. கோயில் பொம்பளைங்க நாங்க ஊர் ஊருக்கு இதச் செய்யறோம். பா டவுன் வீட்டுக்கு என் ஒண்ணுவிட்ட தங்கச்சி சுஷீலா. சோறும் அவ வீட்டு நாயி தின்னதுதான்."

"டாக்ஸி சாவி?"

"அப்பல்சாமி அண்ணன் வீட்டு அரிசிப் பானைக்குள்ள. அங்க யாரு தேடுவாங்க? அவரு சம்சாரம் மோகினி உங்க திட்டத்த அன்னைக்கே சொல்லிட்டா."

"மலை வீட்டுல கூப்பிட்டது யாரு? அந்தத் தூளி?"

ஜான்கியின் சிரிப்பு நின்றது. தீப்பெட்டியை மெதுவாக மூடினாள்.

"எல்லைக்கு அந்தப் பக்கம் எனக்கு யாரையும் தெரியாதுங்க. நான் யாருகிட்டயும் சொல்லி வெக்கல. எனக்கே ஒதறல் எடுத்துத்தான் கற்பூரத்த ஏத்தினேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் வெங்கடசாமி வீட்டு விளக்கு எரிந்தது. இருவரும் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்கள். பிறகு பாலசுப்பிரமணிக்கு ரோஷம் திரும்பியது.

"எப்படி இருந்தாலும் பாதி ஏமாத்து வேல! அந்தச் சத்தியம் செல்லாது!"

"அத முனீஸ்வரன்கிட்ட நீங்களே போய்ச் சொல்லிக்குங்க," என்று அவள் தீப்பெட்டியை அவர் கையில் வைத்து விரல்களை மூடினாள். "நாளையிலேருந்து நீங்கதான் ஏத்தணும். மறந்துடாதீங்க, இருட்டறதுக்கு முன்னாடி உள்ள போயிட்டு வெளிய வந்துடுங்க."

"ஏன், நீ எங்க போற?"

"ஷாயலுக்கு நாள் நெருங்குதில்ல? எனக்கு விசா வந்துடுச்சு. கனடாவுக்கு."

"எங்கயும் போவ மாட்டோம்னு முனீஸ்வரன் மேல சத்தியம் பண்ணமேடி!"

"பண்ணது நீங்கதானே?" என்றாள் ஜான்கி. "நான் தட்டுதானே புடிச்சேன்."